அக்கியா, ஹெர்பிஸா? ஒரு ரிப்போர்ட்டை நம்புவதற்கு முன்

நம்ம ஊர்ப் பக்கம் ஹெர்பிஸ் என்றால் பலரும் 'அக்கி' என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். குயவரிடம் போய் காவி பூசி 'அக்கி எழுதி'க்கொள்வார்களே, அது பெரும்பாலும் ஹெர்பிஸ் ஜோஸ்டர். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் தூங்கிக் கிடந்து மறுபடி எழுவது. உடலுறவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிறப்புறுப்பில் வருவது வேறு வைரஸ்: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அதில் வகை 1 பொதுவாக உதட்டில் கொப்புளமாக வரும். வாய்வழி உறவில் கீழேயும் தொற்றும். வகை 2 பெரும்பாலும் பிறப்புறுப்பில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 கணக்குப்படி 15 முதல் 49 வயதுள்ளவர்களில் சுமார் 52 கோடி பேருக்கு வகை 2 இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

இதெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு நண்பன். சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்து, யாரிடமும் காட்டாமலே ஆறிவிட்டன. பிறகு பயந்துபோய் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தான். 'ஹெர்பிஸ் ஐஜிஎம் பாசிட்டிவ்' என்று வந்தது. "அவதான் கொடுத்திருக்கா, கேட்டுட்டு முடிச்சுக்கப் போறேன்" என்றான். ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்குத் தீர்ப்பு!

அந்தக் காகிதத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஐஜிஎம் எந்த வகை என்று பிரித்துச் சொல்லாது. புதுத் தொற்றா பழையதா என்றும் சொல்லாது. அமெரிக்காவின் சிடிசி அதைச் செய்யவே வேண்டாம் என்கிறது. ஐஜிஜி அதைவிடப் பரவாயில்லை. ஆனால் தொற்றிய பிறகு அது பாசிட்டிவ் ஆகப் பல வாரங்கள் பிடிக்கலாம். அளவு கொஞ்சமாக இருந்தால் தப்பாகவும் இருக்கலாம்.

பி.காம் புள்ளியியலில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1000 பேரில் 20 பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் அந்த 20 பேரையும் கண்டுபிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேரை மட்டும் தப்பாகப் பாசிட்டிவ் என்கிறது. அப்படியானால் 980 பேரில் 49 பேர். மொத்தம் 69 பாசிட்டிவில் 49 பொய்!

உருப்படியான வழி, கொப்புளம் இருக்கும்போதே, முடிந்தால் முதல் ஓரிரு நாளில் டாக்டரிடம் காட்டுவது. புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்து பிசிஆர் செய்தால் வைரஸும் தெரியும், வகையும் தெரியும். புண் ஆறிவிட்டாலும் சிபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் ரத்தம் பார்ப்பது அவசியம். சிபிலிஸ் புண்ணும் தானாக ஆறிவிடும், ஆனால் நோய் உள்ளே இருக்கும். பென்சிலின் போட்டால் குணமாகும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். சந்தேகம் கேட்க 1097.

எப்படிப் பரவுகிறது? தோலோடு தோல் உரசுவதால். கொப்புளம் இல்லாத நாளிலும் பரவும். டாய்லெட் சீட், துண்டு, நீச்சல்குளம் என்று பயப்படத் தேவையில்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது. அது மூடாத இடத்திலும் வைரஸ் இருக்கலாம். தினமும் வாலாசைக்ளோவிர் எடுத்தால் துணைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2004-ல் வந்த ஆய்வு சொல்கிறது. வேரோடு ஒழிக்க மருந்து இல்லை. லாட்ஜில் ரூம் போட்டு 'நிரந்தர குணம்' விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஆனால் மாத்திரையால் அடக்கி வைக்கலாம். வருஷம் போகப் போகத் திரும்ப வருவதும் பொதுவாகக் குறையும்.

'யார் கொடுத்தது' என்ற கேள்விக்கு வருவோம். தொற்றிய 2 முதல் 12 நாளில் புண் வரலாம். வராமலே இருந்து வருஷங்கள் கழித்தும் வரலாம். அவளிடமிருந்து வந்திருக்கலாம், அவனிடமே முன்பிருந்து இருந்திருக்கலாம், நோயே இல்லாமலும் இருக்கலாம். எந்த ரத்தப் பரிசோதனையும் ஆள் பெயரைச் சொல்லாது. அவளிடம் பேசத்தான் வேண்டும், குற்றம்சாட்ட அல்ல. அவளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக.