கிடா சிரித்த இடம்

மலேசியாவின் ஜொகூரில், கூலாய்க்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிற்கிறது அந்த ஆட்டுக் கொட்டகை. இங்கே கொட்டகையைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகை அடித்துக் கட்டுகிறார்கள். புழுக்கை இடுக்கு வழியே கீழே போய்விடும். கிடா நாற்றம் மட்டும் எங்கேயும் போகாது. சட்டையில் ஏறிக்கொண்டு வீடு வரைக்கும் வரும்.

நான் பார்க்கப் போனது அந்த நாற்றம் சம்பந்தப்பட்ட ஒரு காட்சியை. அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டை ஒன்று பின்னங்கால்களை மடக்கி மூத்திரம் பெய்ய, ஜம்னாபாரி கிடா ஓடிவந்து அந்தத் தாரையிலேயே மூஞ்சியைக் கொடுத்தது. பிறகு கழுத்தை நீட்டி, தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு சிலைபோல் நின்றது.

"சிரிக்குது பாருங்கண்ணே. இனி விடாது, பின்னாடியே சுத்தும்" என்றார் கொட்டகைக்காரத் தம்பி.

வாயைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். சாதுவான கிடா. கழுத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மேலுதட்டைத் தூக்கினார். ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது, தடித்த ஈறுதான். அதற்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தின் நடுவில், இளஞ்சிவப்பாக ஒரு சின்ன மேடு. அதன் இரு பக்கமும் நகக்கீறல் போல ஒவ்வொரு பிளவு. அங்கிருந்து மேலே ஏறும் குழாய், மூக்கின் நடுச்சுவர் அடியில், குருத்தெலும்பு உறைக்குள் கிடக்கும் இரட்டைக் குழல்களோடு சேர்கிறது. வோமரோநேசல் உறுப்பு என்பது அந்தக் குழல்கள்தான். பாடப்புத்தகத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்று படித்திருப்பீர்கள். லுட்விக் ஜேக்கப்சன் என்ற டேனிஷ் அறுவை மருத்துவர் 1813இல் விலங்குகளில் இதை விவரித்தார். காற்றில் எளிதில் ஆவியாகாத, ஈரத்தோடு வரும் சேதிகளைப் படிப்பது இதன் வேலை. கிடா உதட்டைச் சுருட்டுவது அந்த ஈரத்தை உள்ளே இழுக்க.

இந்த வட்டாரத்திலேயே இதன் வேறு வடிவங்களும் உண்டு. கொட்டகை ஓரத்து வாய்க்காலில் ஓர் உடும்பு நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டு போனது. நாக்கு அள்ளி வருவது அண்ணத்தில் உள்ள இதே உறுப்புக்குத்தான் போகிறது. கோத்தா திங்கி பக்கம் திரியும் காட்டு யானை, பெண் யானையின் மூத்திரத்தைத் துதிக்கை நுனியால் தொட்டு வாய்க்குள் அண்ணத்தில் வைத்துப் பார்க்கும். அந்த மூத்திரத்தில் உள்ள சேர்மத்தை பெட்ஸ் ராஸ்முசன் குழு 1996இல் கண்டுபிடித்தபோது, அது பல விட்டில் பூச்சிகளின் காதல் வாசனையாகவும் இருந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அர்ச்சுனன் குழுவினர் எருமை மூத்திரத்தில் இதே வகைத் தேடலை நடத்தியிருக்கிறார்கள். எருமை சினைப்பருவத்துக்கு வந்ததைக் கண்டுபிடிப்பது பால்காரருக்குத் தலைவலியான விஷயம். எருமைக்கடா நொடியில் கண்டுபிடித்துவிடும்.

செம்பனை மட்டையில் உட்கார்ந்திருந்த குரங்குகள் மட்டும் இந்த ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் நமக்கும் இந்த உறுப்பை இயக்கத் தேவையான டிஆர்பிசி2 என்ற மரபணு கெட்டுப்போய்விட்டது. சுமார் 2.3 கோடி ஆண்டுக்கு முந்தைய சங்கதி அது. முழு வண்ணப் பார்வை கிடைத்ததால் மூக்கின் சேதி தேவைப்படாமல் போயிற்று என்கிறார்கள் சிலர். யூகம்தான், ஆனால் நல்ல யூகம்.

அப்படியானால் நம் மூக்கில் என்ன மிச்சம்? அதையும் பார்த்துவிடுவோம் என்று ஜொகூர் பாருவில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனேன். மெல்லிய கேமராக் குழாயை மூக்கில் விட்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நாசித் துவாரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, நடுச்சுவரின் கீழ்ப்பக்கம், ஈரச் சிவப்பில் ஊசி குத்தினாற்போல ஒரு குழி திரையில் தெரிந்தது. வலப்பக்கம் மட்டும்.

"இன்னொரு நாள் வந்தீங்கன்னா இதுவும் தெரியாமப் போகலாம் சார்" என்றார்.

அவர் சொன்னதற்குக் கணக்கே இருக்கிறது. பிரான்சில் திதியே த்ரோத்தியே குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், 1,842 பேரில் சுமார் 13 சதவீதத்தினருக்கு இரு பக்கமும், 26 சதவீதத்தினருக்கு ஒரு பக்கம் மட்டும் குழி தெளிவாகத் தெரிந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தபோது இல்லாதவர்களுக்கு வந்தது, இருந்தவர்களுக்கு மறைந்தது. குழியின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறியது. உள்ளே நுகரும் நரம்பணுக்கள் இல்லை. மூளைக்குப் போகும் நரம்பும் இல்லை. அந்தச் சேதியை வாங்க வேண்டிய மூளைப் பகுதியும் பெரியவர்களுக்கு இல்லை. பெண்களைக் கவரும் 'ஃபெரோமோன்' என்று இணையத்தில் புட்டி விற்கிறார்களே, அதற்குக் கொடுக்கும் ரிங்கிட்டில் இரண்டு நல்ல சோப்பு வாங்கலாம்.

ஆனால் வயிற்றுக்குள் இருக்கும்போது கதை வேறு. கரு ஐந்தாறு வாரமாகும்போது முகத்தில் மூக்கு வரப்போகும் இடம் தடித்துக் குழிகிறது. அந்தக் குழியின் உட்சுவரில் இன்னொரு சின்னப் பள்ளம் விழுந்து குழலாகிறது. இதுதான் நம் வோமரோநேசல் உறுப்பு. அதிலிருந்தும் பக்கத்திலிருந்தும் கிளம்பும் நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு ஒரு கூட்டம் அணுக்கள் மூளையை நோக்கி நகர்கின்றன. ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கப்போகும் அணுக்கள் அவை. பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள் 2016இல் எண்ணிச் சொன்ன கணக்குப்படி முதல் மூன்று மாதத்தில் சுமார் 10,000. அவற்றில் ஏறக்குறைய 2,000 மூளையின் ஹைபோதாலமஸ் பகுதிக்குப் போய்ச் சேர்கின்றன. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவை முழுவீச்சில் இயங்கும்போதுதான் பையனுக்கு மீசை அரும்புகிறது, பெண் வயதுக்கு வருகிறாள்.

இங்கே கிடா மறுபடியும் வருகிறது. கிடாயின் தலைமயிரிலிருந்து எழும் 4-எத்தில்ஆக்டனல் என்ற சேர்மம், பெட்டையின் மூளையில் இதே ஜிஎன்ஆர்எச் துடிப்பைத் தூண்டுவதாக 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூக்கும் இனப்பெருக்கமும் ஆட்டில் ஆயுள் முழுக்கப் பேசிக்கொள்கின்றன. நம்மிலோ அவை கருவில் ஒரே பாதையில் நடந்து, வேலை முடிந்ததும் பிரிகின்றன. பிறகு நரம்பு போய்விட, வெறும் குழல் மிஞ்சுகிறது. குன்வர் பட்நாகரும் டிமத்தி ஸ்மித்தும் 2001இல், கைக்குழந்தை முதல் எண்பது தாண்டியவர் வரை அந்தக் குழலைக் கண்டார்கள். பயனற்ற எச்சம் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பயன் முடிந்தது என்றால் சரி.

அந்த நடை பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. கால்மன் நோய்க்குறி என்று பெயர். 1989இல் இந்தக் குறையுள்ள 19 வாரக் கரு ஒன்றை ஆராய்ந்தபோது, ஜிஎன்ஆர்எச் அணுக்கள் மூளைக்குள் நுழையாமல் மூக்குக்கும் மூளைக்கும் நடுவே தேங்கிக் கிடந்தன. இப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு வாசனையும் தெரியாது, பருவமும் தானாக வராது.

அபூர்வம்தான். ஆனாலும் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 14 வயதாகியும் பையனிடம் பருவ மாற்றம் துளியும் இல்லை, அல்லது 13 வயதாகியும் பெண்ணுக்கு மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றால், மல்லிகையும் வெங்காயத் தாளிப்பும் மணக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மணக்கவில்லை என்றால் அதையும் மறக்காமல் சொல்லி, ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். மணம் திரும்பாது; பருவத்தைச் சிகிச்சையால் கொண்டுவர முடியும், பின்னாளில் குழந்தைப் பேறும் பலருக்குக் கைகூடுகிறது.