தூளியை அவிழ்க்கும் இரவுகள்

திண்டிவனம் என்றால் புளியங்காடு. ‘திந்திரிணி வனம்’தான் அப்படித் தேய்ந்தது என்பார்கள். நாலுவழிச் சாலை வந்தபோது ஓரத்துப் புளியமரங்கள் பல போய்விட்டன. ஆனால் கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் பக்கம் போனால், மல்லாட்டைக் கொல்லை ஓரத்து வேப்பங்கிளையில் பழைய நூல்புடவைத் தூளி இன்னமும் தொங்கும். களை எடுக்கும் அம்மா நடுநடுவே வந்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார். அது போதும், பிள்ளை தூங்கிவிடும்.

ஐப்பசி மழை பிடித்ததும் அந்த வித்தை பலிக்காமல் போகிறது. சளி கட்டிய பிள்ளை தூளிக்குள் பத்து நிமிஷம் கிடக்கும், பிறகு வீறிட்டு எழும். ஆயாக்கள் திருஷ்டி என்பார்கள். காரணம் தூளியின் வளைவிலேயே இருக்கிறது. அதில் குழந்தையின் தாடை நெஞ்சோடு ஒட்டுகிறது. ஏற்கெனவே மூக்கு அடைத்திருக்க, மூச்சு போகும் வழியும் மடங்கிவிடுகிறது. அந்த இரவுகளில் தூளியை அவிழ்த்துப் பாயில் மல்லாக்கப் படுக்க வைப்பதே நல்லது. விழித்து அழும்போது தோளில் நிமிர்த்திப் போட்டு நடக்கலாம்.

மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் இந்தப் பக்கத்தில் முழுசாகப் போகவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டு விடும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம், கைக்குழந்தை நெஞ்சில் கற்பூரத் தைலமும் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு, பால் கொடுக்கும் முன் மூக்குக்கு ஒரு துளி விட்டாலே பாதி இரவு நிம்மதி.

இருமல் சிரப் கதை இன்னும் கசப்பு. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் சிரப் குடித்த குழந்தைகள் இறந்துபோனார்கள். அது தயாரானது பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில். 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்தே தர வேண்டாம் என்று மத்திய அரசு அந்த அக்டோபரில் சொன்னது. தூங்க வைக்கிறதே என்று சிரப் கொடுப்பவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைக்கலாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் உண்டு. ஆனால் அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு; டாக்டர் எழுதிய அளவுதான். போர்வை மேல் போர்வை போட்டால் சூடு வெளியேறாது, மெல்லிய பருத்திச் சட்டை போதும். நன்றாகத் தூங்குகிற பிள்ளையை மாத்திரை நேரம் என்று உலுக்கி எழுப்பவும் வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வேறொரு தூக்கத்துக்கு. எழுப்பினால் கண் திறக்காது, மார்பில் வைத்தால் பால் குடிக்காது, துணி வெகுநேரம் நனையாது. ‘பாவம், அசதியில் தூங்குது’ என்று வீடே அடங்கி நிற்கும். அது அசதி இல்லை, ஆபத்து. சட்டையைத் தூக்கி ஒரு நிமிஷம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயதுவரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, விலா உள்வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 3 மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்ப இடம் இருக்கிறது என்பது இந்தச் சாலையின் பாக்கியம். திண்டிவனத்திலேயே அரசு மருத்துவமனை உண்டு. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினால், விழுப்புரத்துக்கு முன்னாலேயே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி; 2010-ல் வந்தது. 108-க்குப் போன் போட்டால் வண்டி வரும்.

எல்லா இரவும் அப்படி அமைவதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டியது. ஊர் ஊராக வெள்ளம் சூழ்ந்தது. அப்படியொரு ராத்திரியில் காய்ச்சல் பிள்ளையோடு இருப்பவர்களுக்கு உப்புநீர்ச் சொட்டும் மூச்சை எண்ணத் தெரிந்த ஒரு ஆளும்தான் துணை. மழைக்காலம் தொடங்கும் முன்பே இரண்டையும் வீட்டில் தயாராக வைத்துக்கொள்கிற குடும்பங்கள் இப்போது கொஞ்சம் புத்திசாலிகள்.

சளி இறங்கிய நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ வெயில் எட்டிப் பார்க்கும். அலசிக் காய வைத்த அதே நூல்புடவை மறுபடி வேப்பங்கிளைக்கு ஏறும்.