காதுக்கு வைத்த பெயர்

1996ஆம் ஆண்டு எங்கள் மகள் புதுநன்மை வாங்கிய நாள். காலைத் திருப்பலி முடிந்து, பங்குத்தந்தையோடு நிழற்படமும் எடுத்துக்கொண்டு, உறவினர் அனைவரும் விருந்துண்டு கலைந்த பின்னரும், தலையிலிருந்த வெண்ணிற முக்காட்டை எடுக்க அவள் மறுத்துவிட்டாள். பக்தி மிகுதி என்று நாங்கள் மகிழ்ந்தோம். இந்தச் சிறு வயதில் எத்தனை ஞானம் என்று என் தமக்கை கண்கலங்கினாள். இரவில், உறங்கிவிட்ட பிள்ளையின் தலையிலிருந்து என் மனைவி அதை மெல்லக் கழற்றி மடித்து வைத்தாள். மறுநாள் காலை பள்ளிக்குச் செல்ல இரட்டைச் சடை பின்னி மடித்துக் கட்டும்போதுதான் மகள் வாய்விட்டு அழுதாள்.

"அதப் போட்டிருந்தா காது தெரியாதும்மா."

அவளுக்குக் காதுகள் இரண்டும் முன்னோக்கி விரிந்து நிற்கும். நோயன்று, கேட்கும் திறனில் எள்ளளவும் குறைவில்லை. செவிமடலின் உள்மடிப்பு சரியாக உருவாகாமல் போவதாலோ, நடுக்குழிவு அளவுக்கு மிஞ்சி ஆழமாக இருப்பதாலோ அவ்வாறு அமைகிறது என்று மருத்துவர் ஒருவர் எனக்குப் பின்னாளில் விளக்கினார். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்கு அது அழகாகவே தோன்றியது. தொட்டிலில் கிடந்த நாள் முதல் அவளை "யானைக்குட்டி" என்றுதான் அழைத்து வந்தேன். கொஞ்சிய பெயர்தான். ஒருநாள் நோட்டுப் புத்தகம் வாங்க வீட்டுக்கு வந்த வகுப்புத் தோழி அதைக் கேட்டுச் சென்றாள். மறுநாளிலிருந்து பள்ளி முழுவதற்கும் என் மகள் யானையானாள்.

மறு ஆண்டு, செவிலியராகப் பணியாற்றிய உறவினர் ஒருவர், இதனை எளிய அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யலாம் என்றார். ஐந்தாறு வயதுக்குள் காது ஏறத்தாழ முழு வளர்ச்சியை எட்டிவிடுவதால் அதன்பின் எப்போது வேண்டுமானாலும் செய்யலாமாம். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானோ மறைக்கல்வி ஆசிரியன். "ஆண்டவர் தந்த காதைத் திருத்த நாம் யார்? உள்ளம் அழகாக இருந்தால் போதும்" என்று சிறு மறையுரையே ஆற்றிவிட்டேன். அவள் மறுபடி அதைக் கேட்கவேயில்லை. அவள் சமாதானமாகிவிட்டாள் என்றே எண்ணிக்கொண்டேன்.

அந்த மறையுரையை ஆற்றியபோது என் பாட்டியை நான் எப்படி மறந்தேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

நெல்லைச் சீமைப் பெண்கள் பலரைப் போலவே பாட்டியும் காது வளர்த்தவள். குழந்தையாக இருக்கையிலேயே சோணையில் துளையிட்டு, பஞ்சு திணித்து, பின்னர் ஈயக் குணுக்கு மாட்டி, மாதக்கணக்கில் இழுத்து இழுத்து அதனைத் தோள்வரை தொங்கவிட்டார்கள். மேற்காது குருத்தெலும்பாலானது, சோணையோ வெறும் தோலும் கொழுப்பும். ஆதலால் அது இழுத்த இழுப்புக்கு நீளும். வளர்ந்த காதில் பொன் பாம்படம் ஆடினால்தான் அன்று பெண்ணுக்கு மதிப்பு. ஆனால் 1964இல் எங்கள் குடும்பம் நகரத்துக்குக் குடிபெயர்ந்தபோது நீண்ட காது பட்டிக்காட்டின் அடையாளமாகிவிட்டது. பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, தொங்கிய சோணைகளை அறுத்துத் தைத்துக் கூட்டி வந்தார்கள். பாம்படம் உருக்கப்பட்டு அத்தையின் கழுத்தில் சங்கிலியாயிற்று. கட்டுப் போட்ட காதுகளோடு திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியிடம், "வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலி கெடக்கட்டும்ல. ஊரு நீளக்காது அழகுன்னுச்சு, வளத்தாவ. அதே ஊரு அசிங்கம்னுச்சு, அறுத்தாவ. என்னைய யாரு கேட்டா?" என்றாள்.

காதைத் திருத்துவது நம் காலத்து ஆடம்பரம் என்று எண்ணுவோர் உண்டு. அறுந்த செவிச்சோணையை இணைக்கப் பதினைந்து முறைகளைச் சுசுருதரின் பண்டைய நூல் வகுத்துச் சொல்கிறது. விரிந்த காதுகளைத் தலையோடு சேர்த்து அமைக்கும் சிகிச்சையை நியூயார்க் மருத்துவர் எட்வர்ட் எலி 1881இல் வெளியிட்டார். 1963இல் ஸ்காட்லாந்து மருத்துவர் மஸ்டார்டே, குருத்தெலும்பில் தையலிட்டே காணாத மடிப்பை உருவாக்கும் வழியைக் காட்டினார். ஆழமான குழிவைப் பின்னெலும்புப் பக்கம் இழுத்துத் தைக்கும் முறையை 1968இல் அமெரிக்காவின் ஃபர்னாஸ் எழுதினார். பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்குக் கத்தியே தேவையில்லை என்றும் இப்போது அறிகிறோம். தாயிடமிருந்து வந்த சுரப்புநீரின் தாக்கத்தால் அப்போது குருத்தெலும்பு களிமண்போல் இளகியிருக்கும். அச்சு வைத்துக் கட்டியே பல காதுகளைச் சீராக்கிவிடலாம்.

2010ஆம் ஆண்டு, தன் 23ஆம் வயதில், சொந்தச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து என் மகள் அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டாள். தாயிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். செய்தி அறிந்து நான் மருத்துவமனைக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. சிறு பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். பெரியவர்களுக்குக் காதைச் சுற்றி மரத்துப்போகச் செய்தாலே போதும். காதின் பின்புறம் கீறி, உள்ளே தையலிட்டு மூடியிருந்தார்கள். இரத்தம் கட்டலாம், சீழ் பிடிக்கலாம், தையல் தளர்ந்து காது பழையபடி விரியவும் கூடும் என்றெல்லாம் முன்னரே சொல்லித்தான் கையொப்பம் வாங்கினார்களாம். அவள் அஞ்சவில்லை. தலையைச் சுற்றி வெண்ணிறக் கட்டுடன் கட்டிலில் அமர்ந்திருந்தாள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கழற்ற மறுத்த அந்த முக்காடு என் கண்முன் வந்து நின்றது.

"நீங்க வச்ச பேருப்பா" என்றாள். கோபமில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் செபமாலையோடு அமர்ந்திருந்தபோது ஒலிவ மலைக் காட்சியே மனத்தில் ஓடியது. ஆண்டவரைக் காக்கவே பேதுரு வாளை உருவினார், அன்பினால்தான் உருவினார். ஆயினும் அறுந்து விழுந்தது மால்கு என்னும் பணியாளனின் வலக் காது. வெட்டியவர் பேதுரு என்றும், வெட்டுண்டவன் மால்கு என்றும் யோவான்தான் பெயர் சொல்கிறார். அக்காதை இயேசு தொட்டு நலமாக்கியதை மருத்துவரான லூக்கா மட்டுமே எழுதி வைத்தார். சிலுவைக்குமுன் அவர் நற்செய்தியில் காணும் கடைசிக் குணமளித்தல் அது. சிறைபிடிக்கப்படும் வேளையில், பகைவரின் ஊழியன் ஒருவனின் காதுதானே என்று ஆண்டவர் கடந்து போகவில்லை. தம்முடைய சீடன் உண்டாக்கிய காயத்தை அவரே ஆற்றினார். நான் வெட்டியதை முன்பின் அறியாத மருத்துவர் ஒருவர் தைத்திருந்தார். அந்தக் கையையும் ஆண்டவரின் கையென்று எண்ண எனக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின?

திருச்சபை இதனைக் குறித்து என்ன சொல்கிறது என்று பின்னர் தேடிப் பார்த்தேன். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், 1958 அக்டோபர் 4 அன்று, தாம் இறப்பதற்கு ஐந்து நாள்களுக்கு முன், இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களிடம் இது பற்றியே உரையாற்றியிருக்கிறார். உடலழகு ஒரு நன்மை; ஆனால் அதனினும் மேலான நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டது. ஆகவே இச்சிகிச்சை தன்னிலேயே தீயதன்று. நோக்கமும் சூழ்நிலையுமே அதனைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் உரையின் சாரம். மறைக்கல்வி ஆசிரியனான நான் இவ்வளவு கூடப் படிக்காமல்தான் ஒரு பத்து வயதுச் சிறுமிக்குத் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

அதற்காக, விரிந்த காதுகளையெல்லாம் வெட்டித் தைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே காதுகளோடு மனநிறைவாய் வாழ்வோர் எத்தனையோ பேர். பெற்றோரின் மானத்துக்காகப் பிள்ளையைக் கத்திமுன் படுக்க வைப்பதும் பாட்டிக்கு நேர்ந்ததுதான். காதைத் திருத்துமுன் அந்தக் காதுக்கு உரியவர் சொல்வதைக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. விரியாத என் காதுகள்தாம் உண்மையில் மூடிக்கிடந்தன.

2019இல் பேரனுக்குத் திருமுழுக்கு. தாயின் பழைய காதுகளை அப்படியே கொண்டு பிறந்தவன். 'எப்பத்தா' சடங்கில் அருட்தந்தை தம் பெருவிரலால் அந்தச் சிறு காதுகளைத் தொட்டபோது அவன் சிரித்தான். வீடு திரும்பியதும் மகள் எல்லாரும் கேட்கவே சொன்னாள்: "பெரியவனாகி அவனே வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். அதுவரை இந்த வீட்டுல யாரும் அவன் காதுக்குப் பேர் வைக்கக் கூடாது."

கோவிலில் ஒரு பெயர் வைத்தாயிற்று. அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனை நான் அழைக்கிறேன்.