கடைசிப் பக்கத்தில் நின்ற இ-ரீடர்

எங்களிடம் இருப்பது ஒரேயொரு இ-ரீடர். நாலு பேருக்குப் பொது. சிநேகிதி ஒருத்தி கனடாவுக்குப் போகேக்க விட்டிட்டுப் போனது. ஆளுக்கு இரண்டு கிழமை என்று முறை வைத்து வாசித்தோம். பிறகு பரீட்சை, வேலை என்று சாட்டுகள் வந்தன. எட்டு மாதமாக ஒருவரும் தொடவில்லை. போன மாதம் அலுமாரியிலிருந்து எடுத்தால், திரையில் பாதி வாசித்த பக்கம் அப்படியே நிற்குது. பட்டனை அமத்தினால் அசைவே இல்லை.

"பக்கம் தெரியுதுதானே, உயிர் இருக்கு" என்றான் எங்களில் ஒருவன். அது பிழையான நம்பிக்கை. மின்மைத் திரைக்குள் இருப்பவை கறுப்பு, வெள்ளை நுண்துகள்கள். அவற்றை இடம் மாற்றத்தான் மின்சாரம் வேணும். மாறியபின் அப்படியே நிற்க ஒன்றும் தேவையில்லை. பற்றரி செத்தாலும் கடைசிப் பக்கம் தெரியும்.

எங்களுக்குப் பயம் மெஷினைப் பற்றியில்லை. புத்தகங்களில் பாதி நூலகம் தளத்தில் இறக்கியவை; திரும்ப இறக்கலாம். ஆனால் அவள் அடிக்கோடிட்ட வரிகளும் எழுதிவைத்த குறிப்புகளும் அதுக்குள்ளேதான் இருந்தன. ஒருவரும் பிரதி எடுக்கவில்லை.

முதலில் வயரையும் சார்ஜரையும் மாற்றிப் பார்த்தோம். பிறகு பவர் பட்டனை 40 செக்கன் அமத்திப் பிடித்தோம். திரை உறைந்துபோனால் சில ரீடர்கள் அப்படித்தான் திரும்பத் தொடங்கும். கணினியில் குத்தினோம், கணினிக்கும் ஆளைத் தெரியவில்லை. கடைசியில் இரவு முழுக்கச் சார்ஜில் விட்டோம். சின்ன லைட்கூட எரியவில்லை.

டவுனில் போன் திருத்துற அண்ணை மூடியைக் கழற்றி மீற்றரை வைத்தார்.

"பிள்ளையள், சார்ஜ் இறங்கினபடியே கன நாள் விட்டிட்டியள் என்ன?"

லித்தியம் பற்றரியின் வழமையான அளவு 3.7 வோல்ட். வெறுமையாகக் கிடந்தால் அது இன்னும் மெல்ல மெல்ல இறங்கும். 3 வோல்ட்டுக்கு நல்லாக் கீழே போனால் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று பூட்டிவிடும், சார்ஜ் ஏறாது. எங்களுடையது 1.9. போதாததுக்கு வீங்கியும் இருந்தது. "வீங்கினதைச் சார்ஜில போடாதேங்கோ, குத்தாதேங்கோ, பத்தும்" என்றார். இரவு முழுக்க அதைத் தலைமாட்டில் சார்ஜில் விட்டதை நாங்கள் சொல்லவில்லை.

புதுப் பற்றரி கொழும்பிலிருந்து வர ஒன்பது நாள். அதற்குள் அவளுக்கு மெசேஜ் போட்டோம்: "ரீடர் பழுதாப்போச்சு. உன்ர குறிப்புகளும் போயிருக்கும் போல."

குறிப்புகளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "எட்டு மாதமா ஒருத்தரும் வாசிக்கேல்லையா?" என்றுதான் கேட்டாள். எங்களுக்கு மறுமொழி சொல்ல ஏலாமல் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவளோடும் நாங்கள் ஒழுங்காகக் கதைத்ததில்லை.

பற்றரி மாற்றியதும் திரை ஒருக்கால் கறுத்து, வெளுத்து, எழும்பியது. குறிப்புகள் எல்லாம் இருந்தன. அவை நினைவகச் சிப்பில் இருப்பவை; பற்றரி செத்தால் அழியாது. அதுகூடத் தெரியாமல்தான் ஒன்பது நாள் பயந்திருக்கிறோம். அன்றே கணினியில் பிரதி எடுத்தோம். பாவிக்காமல் வைப்பதென்றால் அரைவாசி சார்ஜோடு வைக்கச் சொன்னார் அண்ணை. அதை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

முறை திரும்பத் தொடங்கிவிட்டது. இப்போது ஐந்து பேர். அவள் அங்கேயிருந்து அதே புத்தகத்தைப் போனில் வாசிக்கிறாள். எங்களைவிட நாற்பது பக்கம் முன்னுக்கு நிற்கிறாள்.