அயலார் தந்த விளையாட்டுத் திடல்

இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் மாவட்டத்தில், ரிப்பிள் ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்துள்ளது பிரெக்கிள்டன் என்னும் சிற்றூர். அங்கே ஆங்கிலிக்கன் சபையாரின் மூவொரு இறைவன் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பொதுக் கல்லறை உண்டு. ஊருக்குள் சிறுவர் ஆடிக் களிக்கும் திடல் ஒன்றும் உண்டு. இரண்டும் ஒரே துயரத்தின் நினைவுச் சின்னங்களாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது, பக்கத்து ஊராகிய வார்ட்டனில் அமெரிக்க விமானப் படைத்தளம் ஒன்று இயங்கியது. செப்பனிடப்பட்ட விமானங்கள் அங்கிருந்து சோதனைக்காகப் பறந்து வரும். 1944 ஆகஸ்டு 23-ஆம் நாள் காலை, இரண்டு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் அவ்வாறே புறப்பட்டன. கடும் புயல் நெருங்கவே, திரும்புமாறு தளத்திலிருந்து ஆணை பிறந்தது. ஒன்று புயலுக்குத் தப்பி விலகிச் சென்றது. மற்றொன்று ஊரின் நடுவே வீழ்ந்து தீப்பிழம்பாயிற்று. ஆலயப் பள்ளியின் மழலையர் பகுதியும், எதிரே இருந்த சிற்றுண்டிச்சாலையும், மூன்று வீடுகளும் அழிந்தன.

மாண்டவர் 61 பேர். அவர்களுள் 38 பேர் பள்ளிப் பிள்ளைகள், இருவர் ஆசிரியைகள், மூவர் விமானத்தில் இருந்தோர். எஞ்சியோர் சிற்றுண்டிச்சாலையில் இருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் விமானப் படையினரும் பொதுமக்களும் ஆவர். விபத்தின் காரணத்தை விசாரணையால் அறுதியிட இயலவில்லை. ஆயினும் பிரிட்டனின் இடிப்புயல்கள் எத்துணை ஆபத்தானவை என்பதை அமெரிக்க விமானிகளுக்கு வலியுறுத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

பிள்ளைகளின் சிறு சவப்பெட்டிகளைக் கல்லறைவரை சுமந்து சென்றவர்கள் அமெரிக்க வீரர்கள். எவருடைய விமானத்தால் தம் மக்கள் மடிந்தனரோ, அவர்களுடைய தோள்களை அவ்வூர்ப் பெற்றோர் விலக்கவில்லை. ஓராண்டு நிறைவுறும் வேளையில், 1945 ஆகஸ்டு 20 அன்று, அவ்வீரர்கள் அமைத்துக் கொடுத்த விளையாட்டுத் திடல் திறந்து வைக்கப்பட்டது. அங்குள்ள நினைவுக் கல், அதனை வழங்கியவர்களைப் பிரெக்கிள்டன் சிறுவரின் 'அயலார்' என்றே குறிப்பிடுகின்றது. நேர்ந்த இழப்பையோ, இரு சாராருக்கும் பொதுவான இழப்பு என்கிறது.

'என் அயலான் யார்?' என்று வினவிய சட்ட வல்லுநனுக்கு நம் ஆண்டவர் நல்ல சமாரியன் உவமையால் விடையளித்தார். கடல் கடந்து வந்த அந்நியர், இவ்வூராருடன் சேர்ந்து அழுததனால் அயலாராயினர். அவர்களது அன்பளிப்பை ஏற்பதற்கு, பிள்ளையை இழந்த தாய்மார்க்கு எத்துணை மனத்துணிவு வேண்டியிருந்திருக்கும்! மன்னிப்பு என்பது துயரை மறத்தல் அன்று. மாண்ட பிள்ளைகளின் பெயரால் அமைந்த இடத்தில் பிற பிள்ளைகளைச் சிரிக்க விடுவதும் மன்னிப்பே.

மரித்தோர்க்காகச் செபிக்கும்போது, அன்பர்களே, அம்மழலைகளையும் நினைவில் கொள்வோம். நம் துயரில் பங்குகொள்ள வருவோர்க்கு நம் வாயிலைத் திறந்து வைப்போம்.