மகாலக்ஷ்மியும் பூக்காரியும்

சித்திரம் வரைவது நமது ஜீவனம். நமது பைத்தியமும் அதுவேதான். இரண்டும் ஒன்றாக வாய்த்தவன் பாக்கியசாலி என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். காலண்டர் அச்சிடுகிறவர்களிடமிருந்து நமக்கு வரும் கடிதங்களை அவர்கள் பார்த்ததில்லை. "லக்ஷ்மியின் முகத்தில் இன்னும் சற்றுச் சிரிப்பு வேண்டும், கையிலிருந்து இன்னும் நாலு காசு விழவேண்டும்" என்று எழுதியிருக்கும். சிரிப்பையும் கூட்டுவோம், காசையும் கூட்டுவோம். அந்தக் காசுகளில் சில நம் குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளமாக மாறும்போது அவற்றை இகழலாமா?

நமது சொந்த ஆசை வேறு. மயிலாப்பூர்க் குளக்கரையில் பூத் தொடுக்கும் ஒரு கிழவியை உள்ளது உள்ளபடி வரையவேண்டும். முதலில் பார்த்து வந்த நினைவைக் கொண்டு இரவில் வரைய உட்கார்ந்தோம். கண் இருந்தது, கை இருந்தது. ஆசை மட்டும் தூங்கப் போயிருந்தது.

"வேலையை விட்டுத் தொலையுமையா! புதுச்சேரியில் பாரதியார் மாதச் சம்பளமா வாங்கினார்?" என்றார் ஒரு நண்பர். வாங்கவில்லைதான். 1912-ல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற் பாகம் வெளிவந்ததும் அங்கிருந்த காலத்தில்தான். ஆனால் அந்நாட்களில் குடும்பம் பட்ட பாட்டைச் செல்லம்மாள் பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். 1904-ல் செய்திகளை மொழிபெயர்க்கப் புகுந்த 'சுதேசமித்திரன்' காரியாலயத்துக்கே 1920-ல் பாரதியார் திரும்பி வந்ததை நண்பர் சௌகரியமாக மறந்துவிட்டார்.

ஆகவே வேலையை விடவில்லை, நேரத்தை மாற்றினோம். லக்ஷ்மியைத் தொடுமுன், விடியற்காலையில், குளக்கரைக்குப் போகத் தொடங்கினோம். காப்பிக்கு முன்னால் நாம் எழுந்ததைக் கண்டு வீட்டில் முதலில் பயந்துபோனார்கள்.

பத்து நாளில் படம் முடிந்தது. கிழவியிடம் நீட்டினோம். அவள் விரல் நேரே மூக்கின்மேல் போய் நின்றது. அங்கே ஒரு மூக்குத்தி! நாம் போட்டதுதான்; எப்போது போட்டோம் என்பது நமக்கே தெரியவில்லை. இருபது வருஷம் லக்ஷ்மிக்குப் போட்டுப் பழகிய கையல்லவா? வெட்கத்தால் கூசிப் போனோம்.

கிழவி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதை அடகு வெச்சுப் பன்னெண்டு வருசமாச்சே, ஐயா! ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

ரப்பர் பையில் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. படத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, மறுநாள் புதுக் காகிதத்தில் ஆரம்பித்தோம். மூக்கிலுள்ள துளை மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை.