பல்லுக்கு ஒரு பாலம்

போன வாரம் எங்க ரங்கமணிக்கு ஒரு கடைவாய்ப்பல் எடுத்தாச்சு. எடுத்துட்டு வந்து பஞ்சைக் கடிச்சுக்கிட்டே, "பின்னாடி பல்லுதானே, யாருக்குத் தெரியப் போகுது"ன்னார். அதே வசனத்தை 2013-ல நான் சொல்லியிருக்கேன். அதனாலதான் இந்தப் பதிவு மக்களே. கொஞ்சம் நீளமாப் போகும். காபி எடுத்து வெச்சுக்கோங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. எங்க அம்மாவுக்கு அம்பத்தஞ்சு வயசுலயே கடைவாய்ப்பல் எல்லாம் போயிடுச்சு. வெத்தலையை மட்டும் விட முடியலை. அதுக்குன்னு இரும்புல குட்டியா ஒரு உரல் வெச்சிருப்பாங்க. மத்தியானம் சாப்பிட்டதும் டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். என் பசங்க சின்னதா இருக்கும்போது, "அம்மாச்சிக்குப் பல்லு உரலுக்குள்ள இருக்கு"ம்பாங்க. நாங்க எல்லாரும் சிரிப்போம், அம்மாவும் சேர்ந்து. அம்மா முறுக்கைக் காபியில ஊற வெச்சுத்தான் சாப்பிடுவாங்கங்கிறது எங்களுக்கு ஒரு பழக்கமாத்தான் தெரிஞ்சுது, ஒரு குறையாத் தெரியலை.

நம்ம கதைக்கு வருவோம். 2013-ல கீழ் இடது பக்கம் ஒரு கடைவாய்ப்பல், சொத்தை முத்திப் போய் எடுத்தாங்க. 2016-ல அதுக்குப் பின்னாடி இருந்தது. 2018-ல முன்னாடி இருந்தது. ஆக வரிசையா மூணு. ஞானப்பல் எனக்கு அந்தப் பக்கம் முளைக்கவே இல்லை (ஞானம் எப்படி வரும்!). எடுத்தவங்க யாரும், அந்த இடத்தைச் சும்மா விட்டா என்ன ஆகும்னு சொல்லலை. நானும் கேக்கலை.

நடுவுல கழட்டி மாட்டுற பல்செட் ஒண்ணு வாங்கினேன். இந்தக் கம்பி வெச்ச பிளேட் இருக்கே, அதை மாட்டிக்கிட்டு இட்லிக்கு எள்ளு மொளகாப்பொடி தொட்டுப் பாருங்க. ஒரே ஒரு எள்ளு அடியில போய் மாட்டினாப் போதும், உயிர் போயிடும். ரெண்டு மாசத்துல அது டப்பாவுக்குள்ள போயிடுச்சு. பீரோவுல நகைக்குப் பக்கத்துல பத்திரமா இருக்கு.

அப்புறம் வருஷக்கணக்கா வலது பக்கத்துலயே மென்னு சாப்பிட்டேன். கையில கொஞ்சம் பணம் சேரும், பையனுக்கு செமஸ்டர் ஃபீஸ் வந்து நிக்கும். அடுத்து மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். அடுத்து மொட்டை மாடிக்குத் தளம். என் வாய் வெயிட்டிங் லிஸ்ட்லயே இருந்துச்சு. இதைச் சொன்னா ஏதோ தியாகி மாதிரி இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. பாதிக்குப் பாதி பயம்தான். தாடையில ஓட்டை போட்டு ஸ்குரூ வைப்பாங்கன்னு கேட்டதுமே, வீட்டுச் செலவு எல்லாம் எனக்கு ரொம்ப அவசரமாத் தெரிய ஆரம்பிச்சுடும்.

2022 மே மாசம் ஒரு கல்யாணப் பந்தி. வலது பக்கம் வடையில ஒரு மிளகைக் கடிச்சேன், அவ்ளோதான். ஒத்தை ஆளா வேலை பார்த்துக்கிட்டிருந்த வலது பல்லுல விரிசல். அன்னிக்கு ரசம் சாதத்தைக் கூழாப் பிசைஞ்சு விழுங்கிட்டு எழுந்தேன். பக்கத்து இலைக்காரம்மா, "என்னங்க, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாங்க. அம்பத்தெட்டு வயசுல பந்தியில கண்ணு கலங்கிச்சு எனக்கு. மிளகு காரம்னு சொல்லி சமாளிச்சேன்.

தில்லை நகர்ல ஒரு டாக்டரம்மா. வயசு என் பையனை விட ரெண்டு மூணு கூட இருக்கும். வலது பக்கப் பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணி கேப் போட்டுட்டு, இடது பக்கம் பார்த்துச்சு. "ஆன்ட்டி, சாதாரண பிரிட்ஜ் உங்களுக்குப் போட முடியாது"ன்னுச்சு. ஏன்னா, சாதா பிரிட்ஜுக்கு முன்னாடி ஒரு பல், பின்னாடி ஒரு பல் வேணும். ரெண்டையும் ராவி, அது மேல உக்கார வெப்பாங்க. எனக்குப் பின்னாடி பல்லே இல்லை. பாலத்துக்கு அக்கரையே இல்லைன்னா எங்கே போய்க் கட்டுறது? அதனால எலும்புக்குள்ளயே ரெண்டு டைட்டானியம் தூண், அது மேல மூணு பல் கொண்ட பாலம். மூணு பல்லுக்கு மூணு தூண் வேணும்னு இல்லையாம். நடுப்பல் அந்தரத்துல நிக்கும்.

"ஆனா லேட்டா வந்திருக்கீங்க"ன்னு சி.டி. ஸ்கேனைக் காட்டினப்போதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. பல் இருக்கிற வரைக்கும் மெல்லற அழுத்தம் எலும்புக்குப் போய்க்கிட்டே இருக்கும், அதனால எலும்பு உயிர்ப்போட இருக்கும். பல்லை எடுத்துட்டா அந்த எலும்புக்கு வேலை இல்லை, கரைய ஆரம்பிச்சுடும். முதல் வருஷத்துலயே கணிசமா மெலிஞ்சுடுமாம். படத்துல என் இடது தாடை மேடு, தேஞ்ச சோப்பு மாதிரி இருந்துச்சு. அதோட, எதிர்ல ஆள் இல்லாததால மேல் கடைவாய்ப்பல் வேற கீழே இறங்கி உக்காந்திருக்கு. அதையும் கொஞ்சம் ராவணும். அடியில உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி குடுக்கிற நரம்பு ஓடுது. தூணோட நுனிக்கும் அதுக்கும் ரெண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விடணும். அதை அளக்கத்தான் அந்த ஸ்கேன்.

மெலிஞ்ச இடத்துல எலும்புத்தூள் வைக்கணும்னாங்க. நான் உஷாராயிட்டேன். "என்ன எலும்பும்மா?" "மாட்டு எலும்புல செஞ்சது உண்டு, செயற்கையும் உண்டு ஆன்ட்டி." ஸ்ரீரங்கத்துல சுத்த சைவமா இருக்கிற வீடு. மாமியாருக்குத் தெரிஞ்சா தாடையோட என்னை வெளியே அனுப்பிடுவாங்க! செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டே வைங்கன்னுட்டேன். நம்மள மாதிரி ஆளுங்க இதைக் கேட்டுக்கறது நல்லது. கேட்டாத்தான் சொல்றாங்க.

மொத்தம் ஒண்ணே கால் லட்சம். வீட்டுல சொன்னேன். ரங்கமணி பேப்பரை மடிக்காமலே, "இந்த வயசுல இவ்ளோ செலவு பண்ணி..."ன்னு இழுத்தார். கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது, சும்மா வாயில வந்துடுச்சு. ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு. ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் ராத்திரி ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "உங்க புது பைக் என்ன விலை?" பதில் இல்லை. மறுநாள் காலையில அவரே கிளினிக்குக்கு ஃபோன் பண்ணி டைம் வாங்கிட்டார்.

உடனே நடந்துடுச்சான்னா, இல்லை. எனக்குச் சர்க்கரை இருக்கு. மூணு மாச சராசரி காட்டுற டெஸ்ட்ல 9.1. எட்டுக்குக் கீழ வந்தாத்தான் கை வைப்பேன்னு டாக்டர் பொண்ணு கறாராச் சொல்லிடுச்சு. சர்க்கரை கட்டுக்குள்ள இல்லைன்னா புண்ணு ஆறாது, எலும்பு சேராது. ஜூலைல இருந்து தினம் உத்தர வீதி, சித்திரை வீதின்னு நடை. அக்டோபர்ல 7.4. இது தனிக் கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.

எலும்பும் டைட்டானியமும் ஒட்டிக்கும்னு கண்டுபிடிச்ச கதை சுவாரஸ்யமானது. ஸ்வீடன்ல பிரோனிமார்க்னு ஒரு பேராசிரியர். 1952-ல முயல் கால் எலும்புக்குள்ள டைட்டானியத்துல ஒரு சின்னக் கருவியை வெச்சு ரத்த ஓட்டத்தை ஆராய்ஞ்சிருக்கார். பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆராய்ச்சி முடிஞ்சு கருவியைக் கழட்டப் பார்த்தா வரமாட்டேங்குது, எலும்போட ஒண்ணாயிடுச்சு. நானா இருந்தா, ஒரு நல்ல கருவி போச்சேன்னு அழுதிருப்பேன். அவர் 1965-ல, கீழ்த்தாடையில பல் இல்லாத கோஸ்டா லார்சன்கிறவருக்கு நாலு ஸ்குரூ வெச்சார். லார்சன் 2006-ல காலமாகிற வரைக்கும், நாப்பது வருஷத்துக்கு மேல, அது அப்படியே உழைச்சுது. இதைப் படிச்சப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு.

நவம்பர் மாசம் ஆபரேஷன். அந்த நேரம் பார்த்து காவிரிப் பாலத்தை ரிப்பேருக்காக மூடி வெச்சிருந்தாங்க. திருச்சிக்காரங்களுக்கு நினைவிருக்கும். 1976-ல திறந்த பாலம், தேய்மானம். தில்லை நகர் போக, பைபாஸ் பாலம் வழியா ஊரைச் சுத்தணும். பல்லுக்குப் பாலம் கட்டப் போறவளுக்கு ஊர்ப்பாலம் இல்லை, நல்ல சகுனம்னு ரங்கமணி வழியெல்லாம் ஜோக்.

மரத்துப் போற ஊசி மட்டும்தான். வலி சத்தியமா இல்லை. ஆனா சத்தம் இருக்கே, மண்டைக்குள்ளயே போர் போடுற மாதிரி. விடாம குளிர்ந்த சலைன் தண்ணியைப் பீய்ச்சிக்கிட்டே போட்டாங்க, சூடு ஏறினா எலும்பு செத்துடுமாம். கடைசியில ஸ்பேனர் மாதிரி ஒண்ணால திருகினப்போ கட்... கட்... கட்னு தாடையே அதிர்ந்துச்சு. முக்கால் மணி நேரம். வெளியே வந்து முதல் வேலையா உதட்டைக் கிள்ளிப் பார்த்தேன். மரப்பு தெளிஞ்சு சாயங்காலம் உணர்ச்சி திரும்பினப்புறம்தான் மூச்சு வந்துச்சு. கன்னம் ரெண்டு நாள் பன்னு மாதிரி இருந்துச்சு. ஒரு வாரம் கரைச்ச தயிர்சாதம்.

அப்புறம் வெறும் காத்திருப்பு. மூணு மாசத்துக்கு மேல ஈறுக்குள்ள புதைஞ்சு கிடக்கணும். பிப்ரவரி கடைசியில ஈறை லேசாத் திறந்து தட்டிப் பார்த்தாங்க. கெட்டியா ஒட்டியிருக்கு. அளவெடுத்து, பல்லோட நிறம் பார்த்து, மார்ச்ல ஜிர்கோனியா பாலத்தை ஸ்குரூ போட்டு முடுக்கினாங்க. அந்த ஸ்குரூ ஓட்டையை அடைக்கறதுக்கு முன்னாடி உள்ளே என்ன வெச்சாங்க தெரியுமா? டெஃப்ளான் டேப். நம்ம வீட்டுக் குழாய்க்கு பிளம்பர் சுத்துவாரே, அதே! காவிரிப் பாலத்தையும் அந்த மார்ச்லதான் திறந்தாங்க. திரும்பும்போது நேர் வழியா வீட்டுக்கு வந்தோம்.

இப்போ எப்படி இருக்குன்னு கேப்பீங்க. சாப்பாடு அரைபடுது. ஆனா அது பல் இல்லை, பல் மாதிரி. நிஜப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு நார்ச்சவ்வு இருக்கு, பாலத்துத் தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவுல பேரிங் வெப்பாங்களே அது மாதிரி. ஒத்தை முடி கடிபட்டாக்கூட மூளைக்குச் சொல்றது அதுதான். இந்தத் தூணுல அது கிடையாது. கல்லு கடிச்சா "ணங்"னு சத்தம்தான் முதல்ல கேக்கும். எவ்வளவு வேகமாக் கடிக்கிறோம்னு தெரியாதுங்கிறதால, நீலத் தாளைக் கடிக்க வெச்சு வெச்சு உயரத்தைச் சரி பண்ணாங்க. சொத்தை வராது, ஆனா சுத்தி இருக்கிற ஈறு கெட்டா எலும்பு கரைஞ்சு தூணே ஆடிடும். அதனால தினம் ராத்திரி பாலத்துக்கு அடியில தடிமனான நூலை விட்டு இழுக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். சோம்பேறித்தனம் வர்றப்போ ஒண்ணே கால் லட்சத்தை நினைச்சுக்குவேன்.

இன்னொண்ணு. பல் வந்தப்புறமும் ரெண்டு மாசம் சாப்பாடு தானா வலது பக்கமே போச்சு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே நாக்கு மறந்துடுச்சு. ஒரு நாள் டிவி பார்த்துக்கிட்டே வறுத்த வேர்க்கடலை கொறிச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு கவனிச்சா இடது பக்கம் மென்னுக்கிட்டிருக்கேன். அந்தச் சத்தம், அந்தப் பக்கத்துக் காதுல, பத்து வருஷம் கழிச்சு. அம்மா 2009-லயே போயிட்டாங்க. இருந்திருந்தா, உங்களுக்கும் ரெண்டு வெச்சுடலாம்மான்னு கேட்டிருப்பேனான்னு அன்னிக்கு ராத்திரி யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். சிரிச்சுக்கிட்டேதானே இருந்தோம்.

அதான், போன வாரம் ரங்கமணி பஞ்சைக் கடிச்சுக்கிட்டு அந்த வசனத்தை விட்டாரா, நான் எதுவும் சொல்லலை. ஸ்டூல் போட்டு ஏறி, பரண்ல இருந்து அம்மாவோட உரலை எடுத்து, துணியால நல்லாத் துடைச்சு, அவரோட காபி டம்ளருக்குப் பக்கத்துல வெச்சேன்.

திங்கக்கிழமை காலை பத்தரைக்கு ஸ்கேன் எடுக்கப் போறோம்.